ரெண்டு பேர் போகிற வழியில் ஒருத்தி மட்டும்

போன வருஷம் கார்த்திகை மாதம், ஓசூரில் பாகலூர் போகிற ரோட்டுப் பக்கம் நாங்கள் குடியிருக்கிற தெருவில் ஆரம்பித்து, என் அக்கா மகள் படிக்கிற ஸ்கூல் வாசலில் முடிந்த விஷயம் இது. மொத்தமே ஒரு காலை நேரம்தான். ஆனால் அன்றைக்கு நான் ஓடிய ஓட்டம் இன்னமும் என் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் அக்காவும் நாகரசம்பட்டிப் பக்கம். நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். அக்கா கல்யாணமாகி மாமாவோடு ஓசூருக்கு வந்த பிறகு, என்னையும் கூட்டி வந்து ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டாள். மாமாவுக்கு ஒரு கம்பெனி, அக்காவுக்கு ஒரு கம்பெனி, எனக்கு ஒரு கம்பெனி. ஒருத்தர் வரும்போது ஒருத்தர் கிளம்புவோம். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

பாப்பாவை ஸ்கூலில் விடுவது அக்கா வேலை. ஸ்கூட்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்து, வண்டியை வாசலில் போட்டுவிட்டு, ஓடிப்போய் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள். வண்டி இருப்பதால் கடைசி நிமிஷம் வரைக்கும் வேலை பார்ப்பாள். "அஞ்சு நிமிஷத்துல போயிடுவேன், நீ தூங்கு" என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டுவாள்.

அந்த ஸ்கூல் இருக்கிற சந்து காலையில் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும். கார், வேன், ஆட்டோ, பைக் எல்லாம் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். எல்லோருக்கும் அவரவர் பிள்ளையை ஸ்கூல் கேட் வாசலிலேயே இறக்கியாக வேண்டும். கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வர யாருக்கும் மனசு வராது. அந்தச் சந்து மெயின் ரோட்டில் சேர்கிற இடத்தில், ரிவர்ஸ் எடுத்த ஒரு காருக்கு ஒதுங்கப் போய் அக்கா வண்டியோடு சாய்ந்துவிட்டாள். பின்னாலேயே லாரி வந்தது. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. பாப்பா அந்த நேரத்தில் ஸ்கூலுக்குள் பிரேயரில் நின்றுகொண்டிருந்தாள்.

காரியம் எல்லாம் முடிந்து பாப்பாவை மறுபடி ஸ்கூலுக்கு அனுப்பலாம் என்று மாமா பைக்கை எடுத்தார். ஏற மாட்டேன் என்றாள். தூக்கி உட்கார வைத்தார். கத்தினாள் பாருங்கள், தெருவே வெளியே வந்து நின்றது. ஆட்டோ வேண்டாம், ஸ்கூல் வேன் வேண்டாம், கீழ் வீட்டுக்காரர்களின் காரும் வேண்டாம். வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டாலே ஓடிப்போய் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வாள். இரண்டாவது படிக்கிற குழந்தை. அதட்டவும் மனசு வரவில்லை, கொஞ்சியும் ஆகவில்லை.

மாமாவுக்கு ஒரு அக்கா குந்தாரப்பள்ளியில் இருக்கிறார். பாப்பாவுக்கு அத்தை. நல்ல மனுஷி. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தினமும் போன் செய்வார்.

"இங்க வீட்டுக்கு எதிர்லயே ஸ்கூலு. நாலு எட்டு வெச்சா போயிடலாம். அங்க வெச்சிக்கினு நீங்க ரெண்டு பேரும் ஷிப்டு ஷிப்டா ஓடினா புள்ள என்னத்துக்கு ஆவறது? குடுத்துருங்க, நான் வளக்கறேன்."

அவர் சொல்வதில் தப்பே இல்லை. மாமாவும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அக்கா போய்விட்டாள். அவள் சாயலில் இருப்பது இந்தக் குழந்தை ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அந்த வீட்டுக்குள் நான் எப்படி நுழைவேன்? ஆனால் என் துக்கத்துக்காக ஒரு குழந்தையைப் படிக்காமல் வீட்டில் வைத்திருக்க முடியுமா?

ஒரு நாள் காலையில், வேறு எதுவும் தோன்றாமல், "பாப்பா, நாம நடந்தே போலாமா?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு போய் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவ்வளவுதான். இத்தனை நாள் இது எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. வண்டியில் பழகிவிட்டால் கால் இருப்பதே மறந்துவிடுகிறது.

நான் கேட்டு வாங்கி நிரந்தரமாக நைட் ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். மாமா விடிவதற்கு முன்பே முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார். போகும்போது பாப்பாவைக் கீழ் வீட்டில் இருக்கிற வீட்டுக்காரம்மாவிடம் படுக்க வைத்துவிட்டுப் போவார். ஏழு மணி வாக்கில் கம்பெனி பஸ் என்னைத் தெருமுனையில் இறக்கிவிடும். வந்ததும் அவளைக் குளிக்க வைத்து, ஊட்டிவிட்டு, போட்டிருக்கும் கம்பெனி நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கூட்டிக்கொண்டு நடப்பேன். விட்டுவிட்டு வந்துதான் தூக்கம்.

அரை மணி நேர நடை. ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் நடந்து போனால் வண்டி வாங்க வக்கில்லாதவர்கள் என்று அர்த்தம். வீட்டுக்காரம்மா கன்னடம் பேசுகிறவர். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரே ஒரு நாள் படியில் நிறுத்திக் கேட்டார்.

"என்னம்மா இது, அய்யோ தேவரே! உங்க அக்கா வண்டியைச் சரி பண்ணி வாசல்ல நிறுத்தியிருக்கு, எங்க காரும் அதே ஸ்கூலுக்குத்தான் போகுது. குழந்தையை இப்படி வெயில்ல நடத்திக் கூட்டிட்டுப் போறியே. பாக்கறவங்க எங்களை என்ன நினைப்பாங்க?"

என்னோடு வேலை செய்கிற ஒருத்தி பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ஏய், அக்கா புருஷனையே கட்டிக்கப் போறியா? அதான் இப்பவே அம்மா வேஷமா?" என்றாள். மாமா என்னைத் தங்கச்சி மாதிரி பார்க்கிறவர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதால் இன்னும் பேசுவாள்.

ஆனால் நடக்க நடக்க எனக்கே அது பிடிக்க ஆரம்பித்துவிட்டது. வழியில் ரோஜாத் தோட்டத்துப் பிளாஸ்டிக் கொட்டகைகள் வரும். உள்ளே பெண்கள் பூ வெட்டுவார்கள். அதைத் தாண்டினால் ஒரு போண்டாக் கடை. அந்த அம்மா பாப்பாவைப் பார்த்ததும், "என்னடி, இன்னிக்கு ரெட்டை ஜடையா? சித்திக்கு நேரம் இருந்துச்சா?" என்பார். அதற்கப்புறம் மெயின் ரோடு. அங்கே கம்பெனிப் பையன்கள் சாப்பிடுகிற மெஸ் முன்னால் தண்ணிக்கேன் ஏற்றிய குட்டியானை லோடு வண்டி ஒன்று தினமும் நிற்கும். அந்த டிரைவர் அண்ணன் எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் காது கிழிகிற மாதிரி ஹாரன் அடிப்பார். பாப்பா காதைப் பொத்திக்கொண்டு முறைப்பாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அந்த ஆளைக் கண்டாலே எரிச்சலாக வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த நாள் வந்தது.

அன்று ஷிப்ட் முடிந்து கிளம்பிய எங்கள் பஸ், வழியில் ஒரு கண்டெய்னர் லாரி கவிழ்ந்து கிடந்ததில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் எடுக்க முடியாது. என் போனில் சார்ஜ் இல்லை. பக்கத்தில் இருந்தவளிடம் வாங்கி வீட்டுக்கார அக்காவுக்கு அடிக்கலாம் என்றால் நம்பர் மனப்பாடமாகத் தெரியவில்லை. மாமா நம்பர் தெரியும். ஆனால் அவர் கம்பெனிக்குள் போன் எடுத்துப்போக முடியாது. பஸ்ஸுக்குள் இருப்புக்கொள்ளாமல் தவித்தேன். சரி, வீட்டுக்கார அக்கா பார்த்துக்கொள்வார், ஒரு நாள் லீவு போட்டால் என்ன என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பது மணி தாண்டிவிட்டது. வீட்டுக்கார அக்கா மாடியிலிருந்து காலி பக்கெட்டோடு இறங்கி வந்தார்.

"வந்துட்டியா? விட்டுட்டு வர இவ்ளோ நேரமா இன்னிக்கு?"

"யாரை விட்டுட்டு அக்கா? நான் இப்பத்தானே வரேன். பாப்பா எங்க?"

அக்கா கையில் இருந்த பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"ஏய், விளையாடாதே. உன் கூடத்தானே அனுப்பிச்சேன்?"

நடந்தது இதுதான். நேரமாகியும் நான் வராததால் அக்காவே பாப்பாவைக் கிளப்பி உட்கார வைத்திருக்கிறார். மாடியில் துணி காயப்போடும்போது எட்டிப் பார்த்தால், தெருமுனையில் நீலக் கோட்டு, தலையில் தொப்பி, முகத்தைச் சுற்றி ஷால் கட்டிக்கொண்டு ஒரு பெண் இந்தப் பக்கம் பார்த்தபடி நிற்கிறாள். நானும் லேட்டான நாட்களில் படி ஏறாமல் முனையிலேயே நின்று பாப்பாவைக் கூப்பிடுவது உண்டு. "உன் சித்தி வந்துட்டா, ஓடு ஓடு" என்று மேலிருந்தே குரல் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் காலை நேரத்தில் தெருமுனைக்குத் தெருமுனை நீலக் கோட்டுப் பெண்கள்தான் நிற்பார்கள். தூசிக்கு எல்லோரும் கண் மட்டும் தெரிகிற மாதிரிதான் ஷால் கட்டுவோம். பெற்ற தாயே வந்தாலும் தூரத்திலிருந்து அடையாளம் தெரியாது. அவள் யாரோ ஒருத்தி. வேறு கம்பெனி பஸ்ஸுக்காக நின்றவள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். எனக்கு ஸ்கூலுக்கு போன் செய்யவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஸ்கூட்டியை எடுக்கவும் தோன்றவில்லை. நாங்கள் தினமும் நடக்கிற வழியிலேயே ஓடினேன். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

போண்டாக் கடை அம்மா என்னைப் பார்த்ததும் கரண்டியோடு வெளியே வந்தார்.

"உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். புள்ளைய எதுக்கும்மா தனியா அனுப்பின? வேக வேகமா போச்சு. கூப்பிட்டேன், திரும்பலை. எண்ணெய்ச் சட்டிய விட்டுட்டு எந்திரிக்க முடியலை. அப்புறம் எட்டிப் பாத்தா, அந்தத் தண்ணிக்கேன் வண்டிக்காரன் புள்ளகிட்ட நின்னு பேசிக்கிட்டிருந்தான்."

அந்தக் கடைசி வாக்கியம் என் உயிரை எடுத்துவிட்டது. பேப்பரிலும் போனிலும் படிக்கிறதெல்லாம் ஒன்றாக மனசில் வந்தது. பெயர் தெரியாத ஆள். தினமும் எங்களைக் கவனிக்கிற ஆள். வண்டி வைத்திருக்கிற ஆள். அவள் வண்டியில் ஏறமாட்டாளே என்று ஒரு மனசு சொல்கிறது. தூக்கிப் போட்டால் என்ன செய்வாள் என்று இன்னொரு மனசு கேட்கிறது.

மெயின் ரோட்டுக்கு வந்தால் அந்தக் குட்டியானை மெஸ்ஸுக்கு முன்னால் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆள் இல்லை. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தே கிடக்கிறது. பின்னால் தண்ணிக்கேன்கள் இறக்காமல் அப்படியே இருக்கின்றன. சீட்டின் மேல் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. பின்னால் நின்ற ஒரு ஆட்டோக்காரர், "எவன்டா அவன், வண்டிய நடு ரோட்ல விட்டுட்டுப் போனவன்?" என்று திட்டிக்கொண்டிருந்தார். நான் வண்டிக்குள்ளே எட்டிப் பார்த்தேன். சீட்டுக்கு அடியிலும் பார்த்தேன். ஒரு சின்னச் செருப்போ, ஒரு ரிப்பனோ கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்துகொண்டே பார்த்தேன். எதுவும் இல்லை.

ரோட்டைக் கடந்தது எப்படி என்று எனக்கு நினைவில்லை. அக்கா விழுந்த இடத்தைத் தாண்டித்தான் ஓடியிருப்பேன். சந்துக்குள் திரும்பியதும் ஸ்கூல் கேட்டு தெரிந்தது. பெல் அடித்துவிட்டதால் வண்டிகள் எல்லாம் போய், சந்து காலியாக இருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரே ஒரு ஆள் தரையில் குந்தியிருந்தார். அந்த டிரைவர் அண்ணன்தான். தோளில் கேன் சுமந்த ஈரம், கையில் ஒரு துண்டு.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "உள்ளாற போயிடுச்சும்மா, உள்ளாற போயிடுச்சு. கிளாஸ்ல உக்காந்துக்குது" என்றார்.

நான் நம்பவில்லை. செக்யூரிட்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துப் பையனோடு ரப்பருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மிஸ் வெளியே வந்து, "அவர் யாரு? குழந்தை அவர் துண்டோட ஒரு முனையைப் புடிச்சிக்கிட்டு வந்தா. எங்களுக்கு ஒண்ணும் புரியலை. நீங்க வர்ற வரைக்கும் போகமாட்டேன்னு அவரும் வாசல்லயே உக்காந்துட்டார்" என்றார்.

வெளியே வந்து அண்ணனிடம் கேட்டேன். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. தமிழை அதோடு கலந்து பேசுவார்.

"மெஸ்ஸுக்குக் கேன் இறக்கலாம்னு நிறுத்தினேன். பாத்தா பாப்பா ரோட்டு ஓரத்துல நிக்குது, தாண்டறதுக்கு. லாரி மேல லாரி வருது. சித்தி எங்கம்மான்னா, பஸ்ல ஏறிப் போயிட்டாங்க, அதான் நானே போறேன்னுது. எனக்கு ஒண்ணும் புரியலை. ரா தல்லி, வாம்மா, வண்டில ஏறு, கொண்டுபோய் விடறேன்னேன். அவ்ளோதான், அப்படியே மண்ணுல உக்காந்துடுச்சு. சரி, நடந்தே போலாம், கையைப் புடின்னேன். தெரியாதவங்க கையைப் புடிக்கக் கூடாதுன்னு எங்க சித்தி சொல்லியிருக்காங்கன்னுது. நானாம்மா தெரியாதவன்? தினம் ஹாரன் அடிக்கறனே!"

அதற்கு அவள், "ஹாரன்தானே தெரியும், உங்களைத் தெரியாதே" என்றாளாம். அப்புறம்தான் அவருக்குத் துண்டு யோசனை வந்திருக்கிறது. ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, இன்னொரு முனையை இவர் பிடித்துக்கொண்டு, வண்டியையும் சரக்கையும் போனையும் அப்படியே விட்டுவிட்டு நடந்திருக்கிறார்.

"அண்ணா, போன் அடிச்சிக்கிட்டே இருக்குதே. வண்டியை எல்லாரும் திட்டறாங்களே" என்றேன்.

"திட்டட்டும். தண்ணி எங்க ஓடிப்போவுது? தினம் ரெண்டு பேரு போவீங்க. இன்னிக்கு ஒண்ணு மட்டும் போவுது. எனக்கு மனசு கேக்கலை."

இதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அக்காவை எடுத்துப்போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. பாப்பாவைப் பார்த்துக்கொள்ளவேண்டும், மாமாவுக்குச் சமைக்கவேண்டும், ஷிப்டுக்குப் போகவேண்டும் என்று அடக்கியே வைத்திருந்தேன். அந்தக் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பாவம், அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அழாதம்மா, ஸ்கூல் வாசல்ல அழுதா மத்த புள்ளைங்க பயந்துக்கும்" என்று அதே துண்டை நீட்டினார்.

அழுதுகொண்டே அக்காவைப் பற்றிச் சொன்னேன். ஸ்கூட்டி என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அது உங்க அக்காவா? அன்னிக்கு நானும் அங்கதாம்மா இருந்தேன். ஓடிப்போய்த் தூக்கினதுல நானும் ஒருத்தன். யாரு, எந்த வீடுன்னு ஒருத்தருக்கும் தெரியலை. தினம் என்னைத் தாண்டிப் போற வண்டிதான். நிறம்கூட எனக்குத் தெரியும். ஆனா மூஞ்சியப் பாத்ததே இல்லை. ஹெல்மெட்டு, வேகம். கழுத்துல கம்பெனி கார்டு இருந்துச்சு, அதைப் பாத்துத்தான் அப்புறம் போன் போட்டாங்க. அதுக்கே ரொம்ப நேரம் ஆயிடுச்சும்மா."

அந்த நேரத்தைப் பற்றி எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்பது மட்டும்தான் தெரியும்.

அன்று மதியம் ஷிப்ட் முடிந்து வந்த மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்கார அக்கா சாப்பிடாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார். மாமா அவரைப் பார்த்து, "உங்க மேல தப்பு இல்லம்மா, எல்லாரும் ஒரே மாதிரி கோட்டு" என்று மட்டும் சொன்னார். அப்புறம் என்னிடம் மெதுவாக, "குந்தாரப்பள்ளி அக்காகிட்டயே அனுப்பிரலாம்மா. இன்னொரு தடவை இப்படி ஆனா என்னால தாங்க முடியாது" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்துவிட்டார். இந்த விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் இரண்டு பேரும் முழித்துக்கொண்டிருக்க, பாப்பாவே பெருமையாகச் சொல்லிவிட்டாள். "அத்தே, நான் தனியா ஸ்கூலுக்குப் போனேன். தண்ணி மாமாவும் நானும் துண்டைப் புடிச்சிக்கிட்டு ரோடு தாண்டினோம்!" அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்களைத் திட்டவில்லை. அழுதார். அழுது முடித்துவிட்டு, "நாளைக்குக் காலைல டி.சி. வாங்கிடலாம். பஸ் ஏறலைன்னா என்ன, நாலு நாள் கத்தும், அப்புறம் பழகிடும்" என்று பாப்பா துணிகளை எடுத்துப் பையில் வைத்தார். அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே நான் அன்று ராத்திரி ஷிப்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை அத்தை, நான், பாப்பா மூன்று பேரும் கிளம்பினோம். வாசலில் வீட்டுக்கார அக்கா தன் பெண்கள் இரண்டு பேருக்கும் பையை மாட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தார். காரை எடுக்கவில்லை.

"நாங்களும் நடந்து வர்றோம். இனிமே இவளை யார் கூட அனுப்பறேன்னு என் கண்ணால பாத்துத்தான் அனுப்புவேன்" என்றார்.

அத்தையும் சேர்ந்து நடந்தார். போண்டாக் கடை அம்மா, "யாருடி இது புதுசா?" என்று கேட்டார். "எங்க அத்தை!" என்றாள் பாப்பா. ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிற பெண் ஒருத்தி வேலியோரம் வந்து, காம்பு ஒடிந்துபோன ரோஜா ஒன்றை நீட்டினாள். குட்டியானை அண்ணன் ஹாரன் அடித்தார், இந்தத் தடவை மெதுவாக. எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எல்லோரும் அவளைக் கேட்டார்கள். அத்தை ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

மெயின் ரோட்டைத் தாண்டி சந்து திரும்புகிற இடம் வந்தது. அங்கே பாப்பா தினமும் ஒன்று செய்வாள். அதுவரை நான் அதை மாமாவிடம்கூடச் சொன்னதில்லை. என் கையை விட்டுவிட்டு ஓரமாக நின்று, சமையல்கட்டில் இருக்கிறவளிடம் சொல்கிற மாதிரி, "மா, போய்ட்டு வரேன்" என்பாள். பதிலுக்குக் காத்திருப்பதுபோல ஒரு நிமிஷம் நிற்பாள். பிறகு ஏதாவது வேறு கதை பேசிக்கொண்டு நடப்பாள். அன்றும் அப்படியே சொன்னாள். பிறகு, "அத்தே, இன்னிக்கு எனக்குத் தக்காளி சாதம்" என்றாள்.

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். நாங்கள் போய்ப் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பி வரும்வரை நகரவே இல்லை. வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"தினம் சொல்றாளா?"

"தினம் சொல்லுவா அண்ணி."

"இவளை இந்த எடத்தை விட்டுப் பிரிச்சு நான் எங்க கூட்டிக்கினு போறது?" என்றார். ஆபீஸ் பக்கமே போகவில்லை. வீட்டுக்கு வந்து பையிலிருந்த துணிகளை எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கிவிட்டு, "பரீட்சை லீவுக்கு நானே வந்து கூட நடக்கறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி, அவளா எப்ப பஸ்ல ஏறறாளோ அப்ப ஊருக்குக் கூட்டிக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார்.

இப்போது எங்கள் தெருவிலிருந்து தினமும் ஒரு கூட்டமே நடந்து போகிறது. வீட்டுக்கார அக்காவைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டில் ஒருத்தர், பின்தெருவில் ஒருத்தர் என்று சேர்ந்துகொண்டார்கள். கன்னடம், தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்து ஒரே சத்தமாக இருக்கும். எனக்கு ஷிப்ட் லேட்டானால் வேறு யாராவது கூட்டிப் போகிறார்கள். சந்தில் வண்டிகள் நிற்கத்தான் செய்கின்றன. ஆனால் முன்பு மாதிரி இல்லை. வண்டியில் விடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவரவர் வேலை, அவரவர் தூரம். நடக்கிற தூரத்தில் ஸ்கூல் இருக்கிறவர்கள் மட்டும், வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளையோடு நடந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்களுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று சொல்ல ஆள் கிடையாது. ஆனாலும் ஒரு நாள் நாங்கள் அந்த வழியில் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள் என்ற அந்த ஒரு தைரியத்தில்தான், நைட் ஷிப்ட் முடிந்து கண் எரிய வந்தாலும், அக்கா இல்லாத ஒவ்வொரு காலையிலும் நான் அவள் மகளோடு தெருவில் இறங்குகிறேன்.